ஆறு மணிப் பாதை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் வீட்டில் இருந்த வருடம் அது. எப்போது திறப்போம் என்று பல்கலைக்கழகத்துக்கே தெரியாத காலம். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியன்மார் சைக்கிளில் திரியும் கரை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை; சந்தை, ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், ஆமிக் காவலரண் எல்லாம் அந்தப் பக்கம். என் வயதுக்காரன் அக்கரைக்குப் போனால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். இக்கரையில் வேலையில்லாமல் திரிந்தால், "தம்பி சும்மாதானே இரிக்கிறீங்க?" என்று இயக்கத்திலிருந்து யாராவது அன்பாய் வந்து விசாரிப்பார்கள். அந்த அன்புக்குப் பயந்து அம்மா எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்: சும்மா இருக்கவும் கூடாது, எங்கேயும் போகவும் கூடாது.

இரண்டுக்கும் பொருந்தும் தொழில் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. நான் வட்டார அரசியலில் இறங்கினேன்.

தை மாதத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமைத்துவப் பயிற்சி நடத்தினார்கள். மக்களை எப்படித் திரட்டுவது, கூட்டத்தில் வாய் திறக்காதவர்களை எப்படிப் பேச வைப்பது, பிரச்சினையின் வேரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் படிப்பித்தார்கள். மத்தியானம் கோழிக்கறியோடு சோறு. வந்தவர்களில் பாதிப் பேர் சோற்றுக்கு வந்தார்கள், நான் குறிப்பெடுத்தேன். முடிவில் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் நாலு நிறத்தில் மார்க்கர் பேனையும் தந்தார்கள். அந்தப் பேனைகளின் வாசனையை மூக்கால் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, இந்த ஊரை மாற்றுவதற்குத் தேவையான எல்லாம் என் கையில் இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

பிரச்சினையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது வீட்டிலேயே பென்சில் சீவிக்கொண்டு இருந்தது.

இரண்டு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கமாய்ப் பிணைத்து, மேலே பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தபடி ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். முன்பு அதற்கு எஞ்சின் இருந்தது. டீசல் எங்கள் கரைக்கு வரக் கூடாது என்று தடை விழுந்த பிறகு எஞ்சினைக் கழற்றிப் பூவரசின் கீழே வைத்தார்கள். அதற்குள் ஒரு கோழி அடை படுத்தது. கயிறு மட்டும் மிஞ்சியது. பாதையின் முதல் ஓட்டம் காலை எட்டு மணிக்கு. அக்கரைக் காவலரணில் குறுக்குத் தடியை எட்டுக்குத்தான் தூக்குவார்கள். இறங்கி, வரிசையில் நின்று, சோதனை முடிந்து, பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ச் சேர ஒன்பதரை ஆகும். சாதாரண தரப் பரீட்சை தொடங்குவது எட்டரைக்கு.

முந்திய மார்கழியில் என் தங்கச்சி மத்தியானம் நடந்த பாடங்களை எல்லாம் எழுதினாள். காலையில் நடந்த கணக்குக்கும் இங்கிலீசுக்கும் மண்டப வாசலில் நின்றாள். அரை மணித்தியாலம் பிந்தியவரை உள்ளே எடுக்க முடியாது என்பது சட்டம். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பாவிக்காத பென்சிலை மறுபடி சீவி, அடுத்த மார்கழிக்கென்று பெட்டியில் வைத்தாள். அம்மா சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு தரம் பாப்பம். மறுகா கலியாணந்தான்."

மாப்பிள்ளை தயாராக இருந்தான். அக்கரையில் இருந்த மாமாவின் மகன், உழவு மெசின் ஓட்டுபவன். அவனைப் பற்றித் தங்கச்சியின் அபிப்பிராயம் சுருக்கமானது: "நல்ல பொடியன்தான். மெசினைப் பற்றி மட்டும் கதைப்பான்."

முதல் நாளே அக்கரைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் என்ன என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பயிற்சி தர வந்தவர்களும் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான்; பெண் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். அதனால் அம்மாவின் சகோதரிகள் எல்லாரும் எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு வேலி இருந்தார்கள். அம்மாவின் சகோதரர்கள் எல்லாரும் அக்கரையில் மாப்பிள்ளையாகப் போயிருந்தார்கள். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் தங்கச்சிக்கு அண்ணன் தம்பி முறை. அவர்கள் வீட்டில் எத்தனை நாளும் படுத்தெழும்பலாம், ஆனால் அந்த வீடுகள் இக்கரையில். மாமா பிள்ளைகள் மச்சான் முறை. வயது வந்த பெண் மச்சான் வீட்டில் பரீட்சைக்கென்று ஒரு கிழமை தங்கினால், முடிவு வருவதற்கு முதலே தாலிக்குப் பவுன் நிறுத்துவிடுவார்கள். அக்கரை முழுவதும் அவளுக்கு மச்சான்மார். அவள் கணக்கெழுத வேண்டுமானால் பாதை ஆறு மணிக்குப் போயாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஒழுங்கையின் குடும்பத் தலைவர்களை எல்லாம் வாசிகசாலைக்கு அழைத்தேன். வாசிகசாலைக்குக் கூரை இல்லை. ஷெல் விழுந்து ஓடு போயிருந்தது. சுவர் இருந்ததால் தாள் ஒட்ட முடிந்தது. பயிற்சியில் சொல்லித் தந்தபடி பெரிய தாளில் ஒரு மரம் கீறியிருந்தேன். அடிமரத்தில் 'எட்டு மணிப் பாதை' என்றும், வேரில் காரணங்களும், கிளைகளில் விளைவுகளும் எழுதியிருந்தேன். பெரியப்பாவும் சித்தப்பாமாரும் முன்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

"இதென்ன மரம் தம்பி? மருதையா?"

"பிரச்சினை மரம்."

"காய்க்குமா?"

"தண்ணி ஊத்தாட்டியும் காய்க்கும் போல," என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்க வைப்பது திரட்டலின் முதல் படி என்று குறிப்பில் இருந்தது.

பேச ஆரம்பித்தேன். ஆறு மணிப் பாதை என்றதும் அவர்கள் காட்டிய உற்சாகம் எனக்கே ஆச்சரியம். ஒருவர் எழும்பி நின்று, பிள்ளைகளின் படிப்பை விடப் பெரியது எது என்று கேட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா, ஆறு என்ன, ஐந்தரைக்கே போகலாம் என்றார். நான் மெய்சிலிர்த்துப் போனேன். தலைவராக என் அப்பாவைத் தெரிவு செய்தார்கள். அப்பா கல்குடாக்காரர். கடற்கரையில் பிறந்து, கலியாணம் முடித்து இந்த வயல் ஊருக்கு வந்து, எனக்கு மீசை முளைத்த பிறகும் 'கல்குடாவார்' என்றே அழைக்கப்பட்டவர். வாவி மீனைச் சாப்பிடும்போதெல்லாம் "இதுவும் மீன்தான்" என்று பெருமூச்சு விடுவார்.

"சரி, அப்ப தீர்மானமாக எடுப்பம். கையைத் தூக்குங்க," என்றேன்.

ஒரு கையும் எழும்பவில்லை.

"கேட்டுத்துச் சொல்றன்," என்றார் பெரியப்பா.

"நானும் கேட்டுத்துத்தான்," என்றார் பிள்ளையில்லாதவர்.

"தலைவர்?"

அப்பா கூரையில்லாத மேலே பார்த்தார். "கேக்காமச் சொல்ற விசயமா இது?"

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் துவக்குத் தூக்கியவர்கள் நிற்கும் நாட்டில் மனிதன் கை தூக்குவதற்கும் அனுமதி கேட்கிறான்! அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். யாரிடம் கேட்கப் போகிறீர்கள்? எதற்காகப் பயப்படுகிறீர்கள்? உங்கள் வாயை மூடி வைத்திருப்பது யார்? இன்றிலிருந்து நாங்கள் யாரையும் கேட்கமாட்டோம் என்று உரத்துச் சொல்லுங்கள்!

ஒருவரும் உரத்துச் சொல்லவில்லை. பெரியப்பா எழும்பி வாசலுக்குப் போய், ஒழுங்கையில் யாரும் நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வந்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, உனக்கு இன்னும் கலியாணம் ஆகல்ல. நீ கதைப்பாய்."

வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் சகோதரிகளின் வளவுகளுக்கு இடையே வேலியில் கடப்பு விட்டிருப்பார்கள். குனிந்து நுழைந்தால் பெரியம்மா வீட்டிலிருந்து கடைசிச் சின்னம்மா வீடு வரை தெருவில் கால் வைக்காமல் போகலாம். நான் தெருவால் வந்தேன். செய்தி கடப்பால் வந்தது. அம்மா அகப்பையோடு நின்றார்.

"ஆரக் கேக்க வேணாமெண்டு சொன்னாய் நீ?"

"அம்மா, நான் ஆமியையும் பொடியன்மாரையும்…"

"அவங்களக் கேளாம விட்டா விடு. பெரியம்மா வரச் சொல்றா."

பெரியம்மா கிணற்றடியில் இருந்தார். அம்மாவும் சின்னம்மாமாரும் கடப்புகளால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தங்கச்சி ஒரு மூலையில் பள்ளிச் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கூரையில்லாத வாசிகசாலையில் நான் நடத்தியதெல்லாம் ஒத்திகை. ஒழுங்கையின் மெய்யான சபை இதுதான் என்று உட்காரும் முன்பே தெரிந்துவிட்டது. இந்தக் காணியில் பிறந்தவர்கள், இந்தக் காணியில் சாகப் போகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். ஆண்களில் பாதிப் பேர் வந்தவர்கள். என்னைப் போன்ற மீதிப் பேர் போகப் போகிறவர்கள்.

"என்ன மனே, மரமெல்லாம் கீறினயாம்," என்றார் பெரியம்மா. "ஆறு மணிக்குப் பாதை விடணுமாம் எண்டு பெரியப்பா சொன்னார். அவருக்கு என்ன அவ்வளவு அந்தரம்?"

"தங்கச்சிட சோதனைக்குப் பெரியம்மா. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும்."

"பிள்ளைகளுக்கோ?" அவர் சின்னம்மாவைப் பார்த்தார். "கேட்டயாகா? பிள்ளைகளுக்காம்."

சின்னம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவன் பாவங்கா, ஒண்டும் தெரியாது. மனே, ஆறு மணிக்குப் பாதை போனா இந்த ஆம்பிளைகள் எங்க போவாங்க?"

"எங்க போவாங்க?"

"தாய் ஊட்ட! அக்கரையில ஆறரைக்கு இறங்கி, தாய்ட கையால பிட்டும் முட்டைப் பொரியலும் திண்டுத்து, 'நீ மெலிஞ்சி போனாய் மகன்' எண்டு அவ அழ, இவர் கேட்டுத்து, பத்து மணிக்குத் திரும்பி வந்து இஞ்ச இரிக்கிற பழஞ்சோத்துல குத்தம் பிடிப்பார். எட்டு மணிப் பாதையெண்டா வெயில், வரிசை, சோதனை, எவனும் போமாட்டான். அந்தத் தடிதான் கடவுளாப் பாத்துப் போட்ட தடி."

அப்போதுதான் அந்த உற்சாகமெல்லாம் எதற்கென்று எனக்கு விளங்கியது. ஒழுங்கையின் மாப்பிள்ளைமார் கிட்டத்தட்ட எல்லாரும் எழுவான்கரையில் பிறந்தவர்கள். பாதை ஆறு மணிக்கு ஓடினால் ஒவ்வொருவனும் விடியற்காலையில் மகனாகிவிடுவான். பிள்ளையில்லாதவர் படிப்பைப் பற்றி அப்படி உருகியதற்கும் அர்த்தம் இருந்தது. அவருடைய தாயின் முட்டைப் பொரியல் அக்கரையில் பேர் போனது.

நான் என் குறிப்பில் இருந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொது நன்மை என்றேன். பெரியம்மா பாக்கு வெட்டினார். கல்வி உரிமை என்றேன். இன்னொரு பாக்கு வெட்டினார். அவர் மூத்தவர், அவர் சொல்லாமல் தங்கைமார் ஒருவரும் அசையமாட்டார்கள். அம்மாகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மகனின் உழவு மெசின் ஒழுங்கைக்குள் வரும் சத்தம் இப்போதே என் காதில் கேட்டது.

தங்கச்சி சட்டையைப் பிழிந்து உதறினாள். "பெரியம்மா, ஆறு மணிப் பாதையில ஆம்பிளைகள ஏத்தாம விட்டா என்ன? சோதனை எழுதிற பிள்ளைகளும் பொம்பிளைகளும் மட்டும் போகட்டும். அவங்க எட்டுக்கே போகட்டும்."

பாக்குவெட்டி நின்றது.

"சோதனை நடக்கிற கிழமைகள் மட்டுந்தான்," என்று அவள் சேர்த்தாள். "நீங்களும் வாங்க. வந்து ஏறியிருந்து பாருங்க, ஆரும் ஒளிச்சி வாறானோ எண்டு."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவள் கணக்கில பாஸ் பண்ணுவாள்கா," என்று சின்னம்மாவிடம் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது. 'ஆறு மணிப் பாதையில் திருமணமான ஆண்கள் ஏறக் கூடாது' என்று நானே வாசித்தேன். கையைத் தூக்குங்கள் என்றதும் எல்லாக் கைகளும் எழும்பின. வாழ்நாளில் இவ்வளவு சோகமான ஏகமனதை நான் பார்த்ததில்லை. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கினார். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

இனி இரண்டு பக்கத்து அனுமதி. அதற்கு வருடத்தின் பெரும்பகுதி போயிற்று. இக்கரைப் பொடியன்மாரின் பொறுப்பாளர் என் மனுவை நின்றபடியே வாசித்தார். பரீட்சைக்கு நாங்கள் ஏன் தடை என்றார். ஒரேயொரு நிபந்தனை: ஆமிக்கு எழுதும் மனுவில் தங்களைக் கேட்டதாக ஒரு சொல்லும் வரக் கூடாது. அக்கரைக் காவலரணுக்குப் பலமுறை மனுக் கொடுத்தும் பதில் இல்லை. கடைசியில் ஐப்பசியில் பெரியம்மா பொறுமையிழந்தார். "எழுதிக் கிழிச்சது போதும். நான் வாறன்," என்று நல்ல சேலை உடுத்துக் கிளம்பினார். கூட அம்மாவும் சின்னம்மாமாரும். மொழிபெயர்க்க நான், புத்தகம் பார்த்துப் படித்த சிங்களம் என்னிடம் கொஞ்சம் இருந்தது.

அது தேவைப்படவில்லை. காவலரண் அதிகாரி இளம் ஆள். உடைந்த தமிழ் பேசினார். தன் பக்கத்துச் சிக்கலைச் சொன்னார்: பெண்களைச் சோதனை செய்ய ஒரு பெண் பொலிஸ் வேண்டும். அவர் பெரிய முகாமிலிருந்து எட்டு மணி வண்டியில் வருகிறார். அவர் வராமல் தடியைத் தூக்கினால் பெண்களை யார் சோதிப்பது? அவ்வளவுதான் விசயம். இத்தனை காலம் நாங்கள் யுத்த தந்திரம் என்று நினைத்திருந்தது ஒரு வண்டியின் நேரசூசி. என் மரத்தின் ஒரு வேரிலும் அந்த வண்டி இல்லை.

"அந்தப் பிள்ளைக்கு வெள்ளென ஒழும்ப ஏலாதாமா?" என்று பெரியம்மா கேட்டார். "எங்கட பிள்ளைகள் ஒழும்புதுகள்."

அதிகாரி சிரித்தார். எந்தப் பரீட்சை என்று கேட்டார். "கணக்கு," என்றார் பெரியம்மா.

"கணக்கு…" அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் ரெண்டு தரம் பெயில், அம்மா. அதுதான் இங்க."

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி, பரீட்சைக் காலைகளில் வண்டியை ஐந்தரைக்கே அனுப்பச் சொல்லிக் கேட்பதாகவும், இயக்கத்திடம் நாங்கள் பேசியிருந்தால் அதைத் தனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு மாதத்தில் சம்மதம் வந்தது.

கணக்குப் பரீட்சை நாள் விடிந்தது, அல்லது விடியப் பார்த்தது. நாலு நாள் மழை. ஆற்றுவாய் இன்னும் வெட்டவில்லை. கடலுக்குப் போக வழியில்லாத வெள்ளம் வாவியில் ஏறி நின்றது. வடக்கிலிருந்து காற்று அறைந்தது. துறையில் அரிக்கேன் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், பேனை பென்சில்களைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி. அவர்களுக்குப் பாதுகாப்பாக ஒழுங்கையின் பெண்கள் அத்தனை பேரும். பெரியம்மா நடுப்பலகையில் உட்கார்ந்து, ஆண் யாரும் ஒளித்து ஏறினாரா என்று சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. பாதைக்காரரும், கலியாணம் ஆகாத காரணத்தால் தீர்மானத்தில் அகப்படாத நானும் மட்டும் இருந்தோம்.

"இழு!" என்றார் பெரியம்மா.

பாதைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நானும் பிடித்தேன். பாதை ஒரு முழம் போய், காற்றில் திரும்பி, மறுபடி கரையில் வந்து முட்டியது.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. எஞ்சின் போன நாளிலிருந்து பாதை ஓடியது பாதைக்காரரின் பலத்தில் இல்லை. ஏறும் ஆண்கள் எல்லாரும் கயிற்றில் கை வைப்பார்கள். அது சொல்லாமல் நடக்கும் வழக்கம், அதை யாரும் வேலை என்று எண்ணியதே இல்லை. ஒரு வருடம் கூட்டம் போட்டு, இரண்டு தரப்பிடமும் அனுமதி வாங்கி, இழுப்பவர்களை ஏகமனதாக இறக்கி வைத்திருந்தோம்.

அவர்கள் கரையில்தான் நின்றார்கள். சாக்கைத் தலையில் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி, வழியனுப்ப வந்தவர்கள் போல.

"என்ன பாத்துத்து நிக்கிறீங்க? வந்து இழுங்க!" என்றார் அம்மா.

"ஏலாது," என்றார் பெரியப்பா. "தீர்மானம் இரிக்கு."

"கை தூக்கினதும் நாங்கதான்," என்றார் பிள்ளையில்லாதவர். "ஆம்பிளைக்கு ஒரு சொல்."

"தலைவர் என்ன சொல்றார்?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா மழையில் நனைந்த தாடியைத் துடைத்தார். "தீர்மானத்தை மாத்துறதெண்டா கூட்டம் போடணும். மகன்தான் படிப்பிச்சான்."

எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது. வெட்கமில்லாத பெருமை. பயிற்சி வீண்போகவில்லை.

தங்கச்சி எழும்பினாள். பொலித்தீன் பொதியை அம்மாவின் மடியில் வைத்தாள். கயிற்றைப் பிடித்துக் காலை ஊன்றி இழுத்தாள். மற்றப் பிள்ளைகளும் எழும்பினார்கள். பாதை அசைந்தது, இரண்டு முழம், மூன்று முழம். கயிறு ஈரத்தில் வழுக்கி அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. "கையை விடு புள்ள! மறுகா எதால எழுதுவாய்?" என்று அம்மா கத்தினார். அவள் விடவில்லை. கரையில் கட்டிய கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். "சரி! ஏறுங்க! ஆனா ஒண்டு. அக்கரையில ஒரு கால் படப்படாது. இழுத்த கையோட இதே பாதையில திரும்பணும்."

கேட்டுத்துச் சொல்வதற்கு ஒருவரும் நிற்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து ஏறினார்கள். அதன் பிறகு பாதை போன வேகத்தை எஞ்சின் இருந்த காலத்திலும் நான் பார்த்ததில்லை. அப்பா முன்கயிற்றில் நின்று, கடலில் கரைவலை இழுக்கும் ஏலேலோப் பாட்டை எடுத்தார். கல்குடாவாருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் ஒழுங்கைக்குத் தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு முதலே தெரிந்திருந்தது போலிருந்தது.

அக்கரையில் தடி தூக்கியிருந்தது. பெண் பொலிஸ் தூக்கக் கண்ணோடு குடைக்குள் நின்று பிள்ளைகளை மளமளவென்று அனுப்பினார். தடிக்கு இந்தப் பக்கம், தண்ணீர் விளிம்பில், இன்னொரு கூட்டம் நின்றது. மாப்பிள்ளைமாரின் தாய்மார். ஆறு மணிப் பாதை வருகிறது என்ற செய்தி எந்தக் கடப்பால் வாவியைத் தாண்டியதோ தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் வாழையிலைப் பொட்டலம்.

"கால் படப்படாது!" என்றார் பெரியம்மா.

"படல்ல," என்றார் பெரியப்பா, பாதையின் விளிம்பில் நின்று முடிந்த மட்டும் கையை நீட்டி. அவருடைய தாய் தண்ணீரில் இறங்கிப் பொட்டலத்தைக் கொடுத்தார். "மெலிஞ்சி போனாய் மகன்," என்றார். பெரியம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பாதை முழுக்கப் பிட்டு வாசம். அப்பாவுக்கு மட்டும் கொடுக்க ஆளில்லை. கல்குடா எங்கே, இது எங்கே. அதைக் கவனித்தது பிள்ளையில்லாதவரின் தாய்தான். "அந்தப் பாட்டுக்காரத் தம்பிக்கும் குடு," என்று இன்னொரு பொட்டலம் நீட்டினார். அப்பா முட்டைப் பொரியலைத் தின்றார். இதுவும் முட்டைதான் என்று சொல்லவில்லை.

தங்கச்சியோடு பள்ளிக்கூடம் வரை நான் ஓடினேன். எட்டுக்குக் கால் மணி இருக்கும்போதே போய்விட்டோம். அவள் உள்ளே போனாள்.

முடிவு வந்தபோது கணக்கில் அவளுக்குச் சாதாரண சித்தி; பெரியம்மா சொன்னபடி பாஸ். மாமா மகன் வேறு இடத்தில் கலியாணம் முடித்தான். அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் அவள் வெளியே வந்தபோது நான் மதிலடியில், அன்றைய அனுபவங்களிலிருந்து இயக்கத்துக்கான படிப்பினைகளை வாய்விட்டு வரிசைப்படுத்திக்கொண்டு நின்றேன். நான் சொன்ன இயக்கம் எங்கள் ஒழுங்கை இயக்கம். அந்தச் சொல்லை நடுத்தெருவில் உரக்கச் சொல்லாதே என்று அவள் முதலில் என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"எப்பிடி?" என்றேன்.

"பசிக்குது."

துறைக்கு நடந்தோம். இன்றைக்கே ஒரு மீளாய்வுக் கூட்டம் போட வேண்டும், தீர்மானத்தின் சொல்லமைப்பில் ஒரு ஓட்டை இருந்தது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பிரதிநிதி இருந்திருந்தால் இப்படி வந்திராது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதைக் கயிறு கண்ணில் படும் வரை அவள் கேட்டாள்.

"அண்ணன், நாளைக்கழிச்சு இங்கிலீசு. அம்மாவும் வேணாம், பெரியம்மாவும் வேணாம், சின்னம்மாமாரும் வேணாம். அவ்வளவும் பாரம். இழுக்கிற ஆக்கள் மட்டும் வரட்டும். இறங்கித் திங்கிறதெண்டா ஆறுதலா இரிந்து திங்கட்டும். பெரியம்மாட்ட நான் கதைக்கன்."

நான் நின்றுவிட்டேன். "அப்ப குழு? கூட்டம்? நான்?"

அவள் கயிற்றடியில் போய் நின்று, கையை ஊதிக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் வா. கதைக்காம இழு."